இரவிற் சுருங்கும் எல்லை

சூரியன் மறைந்தபின் வானொலிப் பெட்டியைத் திறப்பவருக்குப் பகலிற் கேளாத தூரதேசக் குரல்கள் கேட்கும். ஆகவே, இரவு எல்லா நிலையங்களுக்கும் நன்மையே செய்கின்றது என எண்ணுதல் இயல்பு. ஆனால், ஓர் ஊருக்கென அமைந்த, வலுக் குறைந்த மத்திய அலை நிலையத்துக்கு நேர்வது வேறு. இரவில் அதன் அலைகள் நெடுந்தூரம் செல்கின்றன. அதன் பேச்சு விளங்கும் எல்லையோ சுருங்கிவிடுகின்றது.

இதற்குக் காரணம் என்ன? ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து புறப்படும் அலைகளில் ஒரு பகுதி நிலத்தை ஒட்டிச் செல்லும். மற்றொரு பகுதி வானை நோக்கி எழும். ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்திலுள்ள அயனப் படை, பகலில் ஞாயிற்றின் கதிர்களால் வலுப்பெற்று, மேலெழும் அலைகளை உறிஞ்சிவிடுகின்றது. இரவில் அப்படை மங்கிவிடும். அப்போது அலைகள் இன்னும் மேலே சென்று, அங்குள்ள படைகளால் திருப்பப்பெற்று, பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால் நிலத்தை அடைகின்றன. அலைகளைத் திருப்பும் படை உண்டென 1902இல் அமெரிக்காவிற் கெனலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் கருதினர். 1924 டிசெம்பரில் அப்பிள்டனும் பார்னெற்றும், போண்மத் நிலையத்தின் அலைகளை ஒக்ஸ்போட்டில் ஏற்று ஆராய்ந்து அதனை நிறுவினர்.

இதன் விளைவை ஐக்கிய அமெரிக்காவிலே தெளிவாகக் காணலாம். அங்கே 1230, 1240, 1340, 1400, 1450, 1490 கிலோஹேர்ட்ஸ் ஆகிய ஆறு அலைவரிசைகள் உள்ளூர் நிலையங்களுக்கு உரியவை. நிலையமொன்றின் உச்ச வலு 1000 வாற்று. ஒவ்வோர் அலைவரிசையிலும் நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன. பகலில் அவை தத்தம் ஊரளவில் நிற்கின்றன. இரவிலோ யாவும் ஒன்றன்மேலொன்று வந்து விழுகின்றன. நிறைந்த சந்தையில், அருகில் நிற்பவர் பேச்சு மட்டுமே விளங்குவதுபோல, நிலையத்தின் அண்மையிலுள்ளோருக்கே அதன் செய்தி தெளிவாகும்.

வலுவைக் கூட்டினால் என்ன எனக் கேட்கலாம். ஒரு நிலையம் மட்டும் கூட்டினால் அதற்குப் பயனுண்டு. எல்லாம் ஒருங்கே கூட்டினால் குரலும் கூச்சலும் ஒரே விகிதத்தில் உயரும். இந்நிலையங்களின் இரவு வலுவை 250 வாற்றிலிருந்து 1000 வாற்றாக்க 1984இல் அனுமதி கிடைத்தது. மின்னல் முதலியவற்றால் எழும் இரைச்சலை வெல்ல அது உதவிற்று. நிலையங்கள் ஒன்றையொன்று மூடுவதை அது நீக்கவில்லை.

கேட்போர் செய்யக்கூடியதும் சிறிதுண்டு. வானொலிப் பெட்டியினுள் இருக்கும் பெரைற்றுக் கோல் எல்லாத் திசைகளிலிருந்தும் அலைகளை ஒரே அளவில் ஏற்பதில்லை. ஆகையால், பெட்டியை மெல்லத் திருப்பினால் இடையூறு சில வேளைகளிற் குறையும். ஆனால் இடையூறு பல திசைகளிலிருந்து வரும்போது அதுவும் பெரிதும் உதவாது.

புயலும் வெள்ளமும் பொழுது பார்த்து வருவதில்லை. நள்ளிரவில் எச்சரிக்கை விடுக்கப்படும்போது, ஊரின் புறத்தே வாழும் குடும்பத்துக்குத் தன் ஊர் நிலையம் கேளாமற் போகலாம். அதே வேளையில் அந்நிலையத்தின் அலை, அதனை வேண்டாத தொலைவூர் ஒன்றில் வேறொரு நிலையத்தைக் குழப்பிக்கொண்டிருக்கும். அலை எட்டும் தூரம் வேறு, செய்தி எட்டும் தூரம் வேறு என்பதை இரவு உணர்த்துகின்றது.