குற்றவாளி காலா, படிக்கட்டா?

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அவர்கள் முன் மூன்று ஆங்கிலச் சொற்களை வைக்கிறோம்: இம்பேர்மெண்ட், டிஸபிலிட்டி, ஹாண்டிகாப். மூன்றும் ஊனந்தானே என்பார்கள். இல்லை தோழர்களே, இல்லை!

ஆலை எந்திரம் ஒரு தோழரின் கால்கள் இரண்டையும் வாங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உறுப்பு போயிற்றே, அது இம்பேர்மெண்ட். நடக்க இயலவில்லையே, அது டிஸபிலிட்டி. சக்கர நாற்காலியில் ஆலை வாயிலுக்கு வந்தவரை, "உனக்கு இனி இங்கே வேலையில்லை" என்று திருப்பி அனுப்புகிறார்களே, அது ஹாண்டிகாப். உலக சுகாதார நிறுவனம் 1980-ல் வகுத்த பாகுபாடு இது.

ஹாண்டிகாப் என்றால் கையில் தொப்பியேந்திப் பிச்சை கேட்பது என்று கதை கட்டியோர் உண்டு. வெறும் கதை! தொப்பிக்குள் கைவிட்டு ஆடிய பழைய பண்டமாற்று விளையாட்டில் பிறந்த சொல் அது. பிறகு குதிரைப் பந்தயத்துக்குப் போயிற்று. வல்ல குதிரையின் முதுகில் கூடுதல் எடை ஏற்றுவார்கள்; அந்த எடைக்கு அந்தப் பெயர். குதிரையோடு பிறந்ததா எடை? பந்தயம் நடத்துவோர் ஏற்றியதல்லவா!

இதை நிறுவனத்துக்கு முன்பே உரக்கச் சொன்னவர்கள் ஊனமுற்றோரே. பிரிட்டனில் பால் ஹன்ட் 1972-ல் கார்டியன் ஏட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்து ஓர் அமைப்பு எழுந்தது. அதைக் கட்டியவர்களில் ஒருவர் விக் ஃபின்கெல்ஸ்டைன். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை கண்டு, 1968-ல் பிரிட்டனுக்கு வந்தவர். தோலின் நிறத்தைச் சாக்காக்கிக் கதவடைத்த ஆட்சியைப் பார்த்தவருக்கு, காலைச் சாக்காக்கிக் கதவடைக்கும் சமுதாயம் புரியாமலா போகும்?

இவர்கள் 1976-ல் வெளியிட்ட கொள்கை விளக்கத்தில் இரண்டே சொற்கள். உடலில் இருப்பது இம்பேர்மெண்ட். அதன்மேல் சமுதாயம் சுமத்துவது டிஸபிலிட்டி. வேறுபாடு விளங்குகிறதா? நிறுவனத்தின் கணக்கில் நடக்க முடியாத கால் டிஸபிலிட்டி. இவர்கள் கணக்கிலோ, படிக்கட்டை மட்டும் கட்டிச் சரிவுப் பாதையை மறந்த கட்டடம் டிஸபிலிட்டி! முதற்கணக்குப்படி மருத்துவரைத் தேடவேண்டும். இரண்டாவதன்படி கொத்தனாரைக் கூப்பிடவேண்டும்.

நிறுவனமும் 2001-ல் தன் பாகுபாட்டை மாற்றியது; ஹாண்டிகாப்பைக் கைவிட்டது. 2006-ல் ஐ.நா. பேரவை ஏற்ற உடன்படிக்கையோ, உடற்குறை உள்ளவர் எதிரே நிற்கும் தடைகளையும் மனப்போக்குகளையும் சேர்த்தே டிஸபிலிட்டியை விளக்குகிறது.

நம் ஆலைத் தோழருக்குக் கைகள் இருக்கின்றன, தொழில் தெரியும். வாயிலில் மூன்று படிகள். ஒரு சரிவுப் பலகைக்கு எத்தனை நாள் வேலை என்று தச்சுத் தோழர்களைக் கேளுங்கள்.