தூரத்தைக் கூட்டுவது விலையல்ல, ரப்பர்

சிறு பிளாஸ்டிக் குண்டுகளைக் காற்றால் சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியை வாங்க நினைக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: சீனாவின் சைமா துப்பாக்கி 150 டாலர் அளவில் கிடைக்கிறது. ஜப்பானின் சிஸ்டெமா பிடிடபிள்யூ 1,000 டாலரைத் தாண்டுகிறது. விலைக்கேற்றபடி குண்டும் அத்தனை மடங்கு தூரம் போகுமா?

போகாது. 2006-ல் திருத்தப்பட்ட ஜப்பானியச் சட்டப்படி, 6 மில்லிமீட்டர் குண்டின் ஆற்றல் சுமார் 0.98 ஜூலுக்குள் இருக்க வேண்டும். 0.20 கிராம் குண்டுக்கு அது விநாடிக்கு ஏறக்குறைய 99 மீட்டர் வேகம். மற்ற நாடுகளிலும் மைதானக்காரர்கள் வேகத்தை அளந்து பார்த்துத்தான் ஆட விடுகிறார்கள். விலை எதுவானாலும் கிளம்பும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்க வழியில்லை.

இத்தனை லேசான குண்டின் வேகத்தைக் காற்று 20 மீட்டருக்குள் பாதியாக்கிவிடும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து நேராகச் சுட்டால் 30 மீட்டர் அளவில் அது தரையில் விழுந்தாக வேண்டும். நல்ல துப்பாக்கியின் குண்டோ 50 மீட்டர் வரைகூடப் போகிறது. காரணம், குழலின் பின்முனையில் மேலிருந்து உள்ளே எட்டிப் பார்க்கும் ஒரு சின்ன ரப்பர் மேடு. ஹாப்-அப் என்பது இதுதான்.

கொழுக்கட்டை மாவை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவதை நினைத்துக்கொள்ளலாம். மேல்கை அசையாமல் நிற்க, கீழ்க்கை முன்னே தள்ளினால் உருண்டை சுழலும். இங்கே ரப்பர்தான் மேல்கை. பின்னாலிருந்து தள்ளும் காற்று கீழ்க்கையின் வேலையைச் செய்கிறது. குண்டு பின்சுழற்சியோடு வெளியேறி, தன்னைச் சுற்றி ஓடும் காற்றைக் கீழே திருப்புகிறது. அதன் எதிர்விளைவு குண்டை மேலே தூக்குகிறது. தூக்கும் விசை எடைக்குச் சமமாக இருக்கும்வரை குண்டு விழ மறுக்கிறது! கையில் எண்ணெய் அதிகமானால் மாவு உருளாமல் வழுக்கும். ரப்பரில் சிலிக்கோன் எண்ணெய் பட்டாலும் அதே கதை. மேல்கை ஒருபக்கமாக அழுத்தினால் உருண்டை கோணலாகும். மேடு சாய்ந்திருந்தால் குண்டு இடமோ வலமோ வளைந்து ஓடும். குளிரில் கை விறைத்தால் பதம் தவறும். ரப்பரும் குளிரில் இறுகி ஏமாற்றும்.

சுழலும் குண்டைக் காற்று இப்படித் தூக்கும் விளைவுக்கு, அதை 1852-ல் ஆராய்ந்த ஜெர்மானியர் மேக்னஸின் பெயரை வைத்திருக்கிறார்கள். பிரிட்டனின் பெஞ்சமின் ராபின்ஸ் அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே துப்பாக்கிக் குண்டுகளில் இதைக் கண்டு எழுதிவிட்டார். வரலாறு இவ்வளவு போதும்.

மலிவுத் துப்பாக்கி சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ரப்பர் விறைப்பாக இருக்கும், மேடு சீராக வார்க்கப்பட்டிருக்காது, அதைத் தாங்கும் கூடு லேசாக ஆடும். நல்ல செய்தி என்னவென்றால், சைமாவின் பல மாடல்கள் ஜப்பானிய நிறுவனமான டோக்கியோ மருயியின் வடிவமைப்பைப் பின்பற்றியவை. மருயியின் ரப்பரையோ தைவானின் மேப்பிள் லீஃப் ரப்பரையோ வாங்கி மாட்டலாம். 15 டாலர் அளவில் முடிந்துவிடும்.

அப்படியானால் 1,000 டாலர் எதற்கு? பிடிடபிள்யூவில் கோள்பல்சக்கரங்களும் மின்னணுக் கட்டுப்பாடும் உண்டு; விசையை இழுத்ததும் தாமதமில்லாமல் சுடும். உண்மையான லாபம்தான், ஆனால் தூரத்தில் அல்ல. 6.01 மில்லிமீட்டர் ‘இறுக்கக் குழல்’ குறி தவறாது என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. நேராகச் சுடுவதில் பெயர் வாங்கிய மருயியின் வழக்கமான குழல் 6.08 மில்லிமீட்டர்.

சாயப் பந்துகளைச் சுடும் பெயின்ட்பாலிலும் விலை தூரத்தை வாங்கித் தருவதில்லை. அங்கே பெரும்பாலான மைதானங்களில் வேகம் விநாடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது. விலையுயர்ந்த துப்பாக்கி, ஜெலட்டின் உறை குழலுக்குள்ளேயே உடையாதபடி பந்தை மெல்லத் தள்ளும். காற்றையும் குறைவாகச் செலவழிக்கும்.

ஏர்சாஃப்டில் குண்டையும் கவனிக்க வேண்டும். மட்டமான குண்டைப் பிளந்தால் சிலவற்றில் காற்றுக் குமிழி தெரியும். குமிழி ஓரமாக இருந்தால் எடையின் மையம் நடுவிலிருந்து விலகிவிடும். அந்தக் குண்டு பிடிடபிள்யூவிலிருந்து கிளம்பினாலும் தள்ளாடித்தான் போகும்.