நழுவிப் போகும் நொடி

பெருநாளன்று எடுத்த படங்களைப் பார்க்கும்போது பல இல்லங்களில் ஒரு குறை எழுவதுண்டு. குழந்தை சிரித்தபோதுதான் பொத்தானை அழுத்தினோம். படத்திலோ சிரிப்பு இல்லை. ஸலாம் சொல்லிக் கை நீட்டிய கணத்தில் அழுத்தினோம். பதிந்திருப்பதோ விலகிச் செல்லும் முதுகு. “பழைய பிலிம் கேமராவில் இப்படி நேர்ந்ததில்லையே!” என்பர் பெரியவர்கள். அவர்கள் கூற்றில் உண்மை இருக்கிறது.

பொத்தானை அழுத்துவதற்கும் படம் பதிவதற்கும் இடையே கழியும் நேரத்தை ‘ஷட்டர் லேக்’ என்கின்றனர். ஒரு காலத்தில் நம் நாட்டில் பரவலாக விளங்கிய ஆக்ஃபா கிளிக்-3 போன்ற எளிய கேமராக்களில் பொத்தான் ஒரு சுருள்வில்லை விடுவிக்கும். உடனே ஷட்டர் திறக்கும். கணிப்பதற்கு வேறொன்றுமில்லை. 1954-இல் ஜெர்மனியில் வெளிவந்த லைக்கா எம்-3 கேமராவில் தூரத்தையும் வெளிச்சத்தையும் படமெடுப்பவரே முன்னதாகக் கணித்து அமைத்துக்கொள்வார். ஆதலால் அதன் தாமதம் ஒரு நொடியின் 50-இல் ஒரு பங்கிற்கும் குறைவே.

2000-ஆம் ஆண்டையொட்டி வந்த சிறிய டிஜிட்டல் கேமராக்களின் நிலை வேறு. பொத்தானை அழுத்தியதும் அதனுள்ளிருக்கும் மோட்டார் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, உருவம் தெளியும் இடத்தைத் தேடும். கேமரா வெளிச்சத்தை அளக்கும். ஒளியை உணரும் தகட்டில் தேங்கிய பழைய மின்னூட்டத்தை நீக்கும். அதன் பின்னரே படம் பதியும். இவற்றுக்கெல்லாம் அரை நொடி ஆகும். சிலவற்றில் ஒரு நொடியும் ஆகும். நொடிக்கு 2 மீட்டர் ஓடும் குழந்தை அரை நொடியில் 1 மீட்டரைக் கடந்துவிடும்!

குற்றம் முழுவதும் டிஜிட்டலுடையது என்பதற்கில்லை. 1977-இல் வந்த கோனிகா சி35 ஏஎஃப் முதலாகப் பிலிம் கேமராக்களும் தூரம் கணிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றன. அதற்குரிய நேரத்தையும் எடுத்துக்கொண்டன. ஒளி செல்வதற்கும் காலம் தேவை, கண்டதை அறிவு உணர்வதற்கும் காலம் தேவை என்று 11-ஆம் நூற்றாண்டிலேயே ‘கிதாபுல் மனாளிர்’ எனும் ஒளியியல் நூலில் எழுதினார் இப்னுல் ஹைதம். ஆராய்ந்து பார்க்கும் எதற்கும் நேரம் தேவை. கேமராவும் அதற்கு விலக்கன்று.

இன்றைய கைப்பேசிகள் பல இதற்கொரு வழி கண்டுள்ளன. கேமராவைத் திறந்ததுமே அவை படங்களைத் தொடர்ந்து நினைவகத்தில் பதித்தும் அழித்தும் வருகின்றன. நாம் பொத்தானை அழுத்தியதும் அந்தக் கணத்திற்குரிய படத்தை எடுத்துத் தருகின்றன. ஆயினும் மங்கிய வெளிச்சத்தில் தாமதம் மீண்டும் தலைகாட்டும்.

பழைய சிறு டிஜிட்டல் கேமராக்களை இளைஞர்கள் மறுபடியும் விரும்பி வாங்கும் காலமிது. அவற்றைக் கையாள எளிய வழி உண்டு. பொத்தானைப் பாதியளவு அழுத்திப் பிடியுங்கள். தூரமும் வெளிச்சமும் அப்போதே கணிக்கப்பட்டுவிடும். எதிர்பார்த்த கணம் வந்ததும் முழுமையாக அழுத்துங்கள். தாமதம் பெரிதும் குறைந்துவிடும். நிக்காஹ் சபையில் மணமகன் சம்மதம் மொழியும் கணத்தைப் படத்திற்காக மறுமுறை நடத்தச் சொல்ல இயலுமா? அத்தகைய வேளைகளில் இச்சிறு பழக்கம் பெரும்பயன் தரும். கணம் வருமுன்பே ஆயத்தமாயிருப்பவருக்கே அது வசப்படும்.