மாடி வீடுகளில் சுயராஜ்யம்

சுயராஜ்யம் கிடைத்து எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. பார்லிமெண்டு நம்முடையது, சட்டசபை நம்முடையது, நகர நிர்வாகமும் நம்மவர் கையிலேயே இருக்கிறது. ஆயினும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் நாற்பது குடும்பத்தார் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கவும் அறியாதிருப்பாராயின், அந்தச் சுயராஜ்யம் எந்த அஸ்திவாரத்தின் மீது நிற்கிறது என்று கேட்பது தேசாபிமானிகளின் கடமையாகும்.

புதுக்கோட்டை பழைய ஊர். 1912இல் முனிசிபாலிடி பெற்றது. 1948 மார்ச் 3இல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. 1974இல் தனி ஜில்லாவாயிற்று. 2024இல் நகரம் மாநகராட்சியாக உயர்ந்தது. பதவி உயர உயரக் கட்டடங்களும் உயர்கின்றன. ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுகின்றன. திண்ணை வெறும் கல்லும் சுண்ணாம்பும் அன்று. பத்திரிகை படிக்கப்பட்டதும், வழக்குத் தீர்ந்ததும், ஏரி வாய்க்காலைப் பற்றிய வாதம் நடந்ததும் அங்கேதான். திண்ணை போய்விட்டது, அதன் ஸ்தானத்தை நிரப்ப வேறொன்று வரவில்லை. வாட்ஸ்அப் குழு வந்திருக்கிறது என்பர் சிலர். அதில் காலை வணக்கமும் கோபமும் பரிமாறப்படுகின்றன. அடைபட்ட சாக்கடை அடைபட்டபடியே கிடக்கிறது.

இந்த அசட்டையின் பலன் யாது? 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, மாநிலம் முழுவதிலும் ஏறக்குறைய 60 சதவிகிதம் பேர் வாக்களித்தனர். மாடி வீடுகள் மலிந்த சென்னையிலோ சுமார் 43 சதவிகிதம் பேரே வாக்களித்தனர். இதற்கு மாடி வாழ்க்கையே முழுக் காரணம் என்று நாம் சொல்லோம். ஆனால் பக்கத்து வீட்டைப் பற்றிக் கவலையற்றவன் வார்டைப் பற்றிக் கவலைப்படுவான் என்று எதிர்பார்ப்பது வீண். தலைநகரில் கண்ட இந்த நோய் நம் ஊருக்கு வருமுன் மருந்து தேடுவது நல்லது.

ஒரு கூட்டம் கூட்டலாம் என்றால், "பணம் எங்கே? பொழுது எங்கே?" என்ற கேள்விகள் உடனே எழுகின்றன. இவற்றிற்கு விடை கூற நாம் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. 1991இல் இதே ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அப்போது கலெக்டராயிருந்தவர் ஸ்ரீமதி ஷீலாராணி சுங்கத். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கூலி பெறாது மாலை வேளைகளில் எழுத்துக் கற்பித்தனர். மாளிகை கட்டப்படவில்லை, கிடைத்த விளக்கும் கிடைத்த திண்ணையுமே பள்ளிக்கூடம். பாட்டும் தெருநாடகமுமே விளம்பரம். எழுத்தோடு சைக்கிளும் கற்பிக்கப்பட்டது. விவசாயக் கூலிப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் சைக்கிள் ஏறினர். பெண்களுக்கான சைக்கிள் போதாதபோது ஆண்களின் சைக்கிளையே ஓட்டினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்திரீகள் சைக்கிள் பழகினர் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். படிப்பறிவற்ற ஏழைப் பெண்கள் நாள் முழுதும் உழைத்த பின்பு மாலையில் கூடினார்கள். மின்விசிறியும் லிப்டும் உடைய கனவான்களுக்கு மாதத்தில் ஒரு மணி நேரம் அகப்படாது என்பது நம்பத்தக்கதன்று.

செலவு குறைவாயிருப்பது வறுமையின் அடையாளம் என்று எண்ணுவோர் உண்டு. நாமோ அதனையே கொள்கையாகக் கொள்ள வேண்டும் என்கிறோம். பந்தலும் ஒலிபெருக்கியும் ஒரு தனவந்தர் கொடுத்தால், முதல் நாற்காலியும் கடைசி வார்த்தையும் அவருடையவையாகின்றன. அரசியல் கட்சி கொடுத்தால், கூட்டம் அக்கட்சியின் கூட்டமாகிவிடுகிறது. வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் வீதம் நாற்பது வீடுகள் கொடுத்தால் 800 ரூபாய் சேரும். சுண்டலுக்கும், தேநீருக்கும், ஒரு நோட்டுப் புத்தகத்திற்கும் அது போதும். எல்லாரும் சமமாகக் கொடுத்த இடத்தில் எல்லாரும் சமமாகப் பேசுவர். பாய் அவரவர் வீட்டிலிருந்து வரட்டும். மொட்டை மாடிக்கு வாடகை கிடையாது.

கூடியபின் செய்ய வேண்டுவன யாவை? முதலாவது கணக்கு. கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்போரை நாம் அறிவோம். எவர் எவ்வளவு எழுதினார் என்பது நோட்டில் தவறாது ஏறுகிறது. ஆண்டுகள் கழிந்தாலும் அந்த நோட்டு பொய் சொல்லாது. அவ்வளவு செம்மையான கணக்குடைய நாட்டில், குடியிருப்புச் சங்கத்தின் பராமரிப்புப் பணம் எங்கே போயிற்று என்று கேட்பவர் சண்டைக்காரராகக் கருதப்படுவது வெட்கக்கேடு. ஆயிரம் ஆண்டுகட்கு முன், முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் மறுமுறை குடவோலைக்கு உரியரல்லர் என்று விலக்கிற்று. காரியதரிசிகள் இதனை மனத்தில் இருத்துவார்களாக.

இரண்டாவது, தண்ணீரும் குப்பையும். தொட்டி எப்போது கழுவப்பட்டது, மழைநீர் எங்கே இறங்குகிறது, மக்கும் குப்பையும் மக்காக் குப்பையும் பிரிக்கப்படுகின்றனவா என்பவற்றை மாதந்தோறும் விசாரிக்க வேண்டும். மூன்றாவது, வாக்காளர் ஜாபிதா. புதிதாகக் குடிவந்தவர் பெயரும், பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகளின் பெயரும் ஏறியிருக்கின்றனவா என்று அனைவரும் சேர்ந்து பார்ப்பது அரை மணி நேரக் காரியம். எஞ்சிய பொழுதில் சிறுவர் ஒரு பாட்டுப் பாடட்டும். முதியவர் ஒருவர் சமஸ்தான காலத்துக் கதை சொல்லட்டும். படித்து முடித்த புஸ்தகங்கள் கைமாறட்டும். உற்சாகம் இல்லாத கூட்டம் மூன்றாம் மாதத்தில் மடிந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். 2022இல் இயற்றப்பட்டு 2024இல் அமலுக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், சொந்தக்காரர்கள் சங்கம் அமைப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்லதே. ஆனால் சங்கம் கோட்டைச் சுவராகிவிடலாகாது. குடக்கூலிக்கு இருப்போரை வெளியே நிறுத்தி, ஸ்திரீகளை அடுக்களையில் நிறுத்தி, ஜாதி விசாரித்து வீடு விடும் சங்கம் சுயராஜ்யத்தின் கிளையாகாது. 2022 டிசம்பரில் இந்த ஜில்லாவின் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தி நாட்டையே தலைகுனியச் செய்தது. அருகருகே வசிப்பதால் மட்டும் சமூகம் உண்டாகிவிடாது என்பதற்கு அதைவிடக் கொடிய சாட்சி வேண்டுவதில்லை. ஆதலின் பொங்கற் பானை மாடியில் பொங்கும்போது, காவற்காரரும், பெருக்கும் அம்மையாரும், வீட்டு வேலை செய்யும் சகோதரியும் அதே பந்தியில், அதே இலையில் உண்ண வேண்டும். இதற்கும் காசு செலவில்லை, மனமே வேண்டும்.

வாசற்கதவோடு இக்காரியம் முடிந்துவிடவும் கூடாது. கிராமங்களில் ஆண்டிற்கு ஆறு தினங்களில் கிராம சபை கூடுகிறது. நகரவாசிகளுக்கு அத்தகைய வாயில் நெடுங்காலம் இல்லாதிருந்தது. 2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைகள் கூட்டப்பட்டன. அங்கே தனி மனிதன் சொல்லும் குறை காற்றோடு போகலாம். நாற்பது கையொப்பமிட்ட விண்ணப்பத்தைக் கவுன்சிலர் எளிதில் ஒதுக்க மாட்டார். அன்றியும், 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வீசியபோது, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரமின்றித் தொட்டிகளுக்கு நீரேற்ற ஜெனரேட்டர் தேடி அலைந்தோம். அப்படிப்பட்ட வேளையில் மூன்றாம் மாடியில் நடக்க இயலாத முதியவர் எவர், மருந்தின்றி வாழ முடியாதவர் எவர் என்பதை அறிந்தவர் அண்டை வீட்டார் அல்லாமல் வேறு யார்?

அரசியல் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு மட்டும் மாடிப்படி ஏறுவதை விட்டுவிடுங்கள். கொடியைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் குடியிருக்கும் கட்டடத்திலேயே பாய் விரியுங்கள். அது சிறு காரியம் என்று எண்ண வேண்டாம். 1887இல் நமது திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி, பலமுறை சிறை சென்றவர். 1939இல் சென்னை மேயரானதும் ஜனங்களின் குடிநீருக்காகப் பாடுபட்டார். 1940இல் பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சாம்ராஜ்யத்தை எதிர்த்துக் கர்ஜித்த நாவு தண்ணீரைப் பற்றிப் பேசத் தாழ்வு கருதவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு பாயும் ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குச் செல்லுங்கள். முதல் நாள் ஐவர் வரலாம். அந்த ஐவர் பெயரையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் ஒவ்வொருவரும் ஒருவரை அழைத்து வரட்டும். மேலிருந்து இறங்கிய சுயராஜ்யம் இப்படித்தான் கீழே வேரூன்ற முடியும்.