செருப்பில்லாமல் 120 கிலோ மீட்டர்! பழனி பாதயாத்திரைக்காரர்களின் பாதம் படும் பாடு

தை பிறந்து விட்டால் போதும். மதுரை தெருக்களில் பச்சை வேட்டிக் கூட்டம் தென்படும். கழுத்தில் மாலை. தோளில் துணிப்பை. காலில் ஒன்றும் கிடையாது! பரவை, சமயநல்லூர் தாண்டி, திண்டுக்கல் ரோட்டில் சாரி சாரியாக நடக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனி போகிற பாதயாத்திரை பக்தர்கள்.

மதுரையில் இருந்து பழனி சுமார் 120 கிலோ மீட்டர். பஸ் ஏறினால் மூன்று மணி நேரம். நடந்தால் மூன்று நாள், நான்கு நாள். 1985 வரை பழனியும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. பிறகு திண்டுக்கல் மாவட்டத்துக்குப் போய் விட்டது. மதுரைக்காரர்களின் நடை மட்டும் நிற்கவில்லை.

காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடிக்கு இன்னும் தூரம் அதிகம். குன்றக்குடியில் ஒன்று கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக வருகிறது. கூடவே வைரவேல் வருகிறது. காவடி செலுத்தியதும் பஸ் ஏறி விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ஊர் திரும்புவதும் நடைதான்!

இரண்டாம் நாள்தான் கண்டம்

முதல் நாள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. "வேல் வேல்... வெற்றி வேல்" என்ற கோஷமே ஆளைத் தள்ளிக் கொண்டு போகும். வாடிப்பட்டி, கொடைரோடு எல்லாம் பேச்சு சுவாரசியத்தில் கடந்து விடும். இரண்டாம் நாள் காலையில் எழுந்து பாதத்தைத் தரையில் வைக்கும்போதுதான் சங்கதி புரியும். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்!

"சாமி, பழனி இன்னும் எம்புட்டுத் தூரம்?"

"இந்தா... பக்கத்துலதான் சாமி. நடங்க."

எந்த ஊரில் கேட்டாலும் இதே பதில்தான். சின்னாளபட்டியில் கேட்டாலும் "பக்கத்துலதான்". ரெட்டியார்சத்திரத்தில் கேட்டாலும் "பக்கத்துலதான்". பொய்தான். ஆனால் அந்தப் பொய் சொல்லா விட்டால் பாதிப்பேர் அங்கேயே உட்கார்ந்து விடுவார்கள்.

வழிநெடுகப் பந்தல்கள். மோர், சுக்கு காபி, எலுமிச்சை சாதம். சில பந்தல்களில் வெந்நீரில் உப்புப் போட்டு வைத்து, முன்பின் தெரியாதவர் காலைப் பிடித்துக் கழுவி, எண்ணெய் தேய்த்து அமுக்கி விடுகிறார்கள். அவர்களும் வேண்டுதல்காரர்கள்தான். நடக்க முடியாதவர்கள், நடப்பவர் காலைத் தொட்டுப் புண்ணியம் தேடுகிறார்கள்.

கொப்புளத்தை ஊசியால் குத்தி, நூலை உள்ளே விட்டு வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. இது ஆபத்து. ரோட்டுப் புழுதியெல்லாம் அந்த ஓட்டை வழியாக உள்ளே போகும். தோலைப் பிய்க்காமல், சுத்தமான துணியால் கட்டி விடுவதே நல்லது.

சர்க்கரைக்காரர்களே, உஷார்!

கொப்புளம் வலிக்கிறவர் பாக்கியசாலி. வலிக்காதவர் நிலைதான் மோசம். நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தின் நரம்பு மரத்துப் போயிருக்கும். முள் குத்தியது தெரியாது. மத்தியான வெயிலில் தார் சுட்டது தெரியாது. "முருகன் அருளால எனக்கு வலியே இல்ல" என்று சந்தோஷமாக நடப்பார்கள். ஊர் திரும்பிய பிறகு புண் சீழ் வைக்கும். கவனிக்காமல் விட்டால் விரலையோ, காலையோ எடுக்கிற நிலைமை கூட வரலாம்.

செருப்புப் போட்டால் தெய்வக் குத்தம் என்று பயப்படுகிறார்கள். இந்த விரதம் தொடங்கிய காலத்தில் தார் ரோடு ஏது? மண் பாதை, மர நிழல். இப்போது நாலு வழிச்சாலை. சிலர் சாக்ஸ் மட்டும் மாட்டிக் கொண்டு நடக்கிறார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு அது போதாது. செருப்புப் போட்டு நடந்தவரை முருகன் திருப்பி அனுப்பியதாகக் கதை எதுவும் கிடையாது.

வெயிலுக்குப் பயந்து பெரும்பாலோர் ராத்திரியிலும் விடியற்காலையிலும் நடக்கிறார்கள். அங்கேதான் எமன் காத்திருக்கிறான். விடியற்காலை என்பது லாரி டிரைவர் கண் அசருகிற நேரம். தை மாதப் பனி வேறு. பக்தர்களோ ரோட்டின் இடது பக்கம், வண்டிக்கு முதுகைக் காட்டிக் கொண்டு போகிறார்கள். பாதயாத்திரை பக்தர் மீது வண்டி மோதியது என்ற செய்தி இல்லாத தைப்பூசம் அபூர்வம்.

போலீசார் பக்தர்களின் பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி விடுகிறார்கள். திண்டுக்கல்-பழனி சாலை ஓரத்தில் கல் பாவிய தனி நடைபாதையும் போடப்பட்டு இருக்கிறது. ஆனால் வெறுங்காலுக்குக் கல்லை விட தார் வழுவழுப்பு என்று ரோட்டுக்கே இறங்கி விடுகிறார்கள்! தனிப்பாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டியைப் பார்த்தபடி நடந்தால் உயிர் தப்பலாம்.

அடிவாரத்தில் நின்ற கால்கள்

2021 முதல் தைப்பூசம் தமிழக அரசு விடுமுறை நாள். அடுத்த ஆண்டே ஒரு சோதனை வந்தது. கொரோனா காரணமாக 2022 ஜனவரி 14 முதல் 18 வரை கோவில்களில் பக்தர்களுக்குத் தடை. 18-ந் தேதிதான் தைப்பூசம்! மாலை போட்டவர்கள் அப்படியும் நடந்தார்கள். அடிவாரத்தில் நின்று, மலையைப் பார்த்துக் கும்பிட்டு, அங்கேயே சூடம் கொளுத்தினார்கள்.

மற்ற ஆண்டுகளில் அடிவாரத்தைப் பார்க்க வேண்டுமே! இடும்பன் குளத்திலும் சண்முக நதியிலும் குளித்து, மொட்டை போட்டு, பால் காவடி, மயில் காவடி, பன்னீர் காவடி என்று ஆட்டம் அமர்க்களப்படும். கன்னத்தில் வேல் குத்தியவர்கள், முதுகில் அலகு குத்திப் பறவைக் காவடியில் தொங்குபவர்கள் என்று கூட்டம் நெருக்கும். பார்க்கிறவர்களுக்கு மெய் சிலிர்க்கும்.

மலைக்குப் போக 1966-ல் வின்ச் வந்தது. 2004-ல் ரோப் கார் வந்தது. ஆனாலும் நடந்து வந்தவர்களில் பலர் படியில்தான் ஏறுகிறார்கள். அத்தனை தூரம் நடந்தவர், கடைசி அரைமணி நேரத்துக்கு வண்டி ஏறச் சம்மதிப்பாரா? ஏறும் வழியில் இடும்பன் சன்னதி. இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்தவன் அவன். அவனைக் கும்பிட்டு விட்டுத்தான் மேலே போவது.

தரிசனம் முடிந்து, பஞ்சாமிர்தம் வாங்கிக் கொண்டு இறங்கியதும் நேரே போவது செருப்புக் கடைக்கு. நாலு நாளாக வெறுங்காலில் நடந்தவர் தன் வழக்கமான அளவைத்தான் சொல்லிக் கேட்பார். கடைக்காரர் அவர் காலைப் பார்ப்பார், சிரிக்க மாட்டார். ஒரு நம்பர் பெரிதாக எடுத்துக் கொடுப்பார். வீங்கிய பாதம் அதிலும் நுழையாது. புதுச்செருப்பைப் பையில் போட்டுக் கொண்டு, நொண்டி நொண்டி மதுரை பஸ்சைப் பிடிக்கப் போவார்.