ஆராய்ச்சி நிலையமும் வாய்மொழி வரலாறும்

ஒரு கோயிலின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்குக் கல்வெட்டுகள் துணை செய்கின்றன. ஓர் அணையின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு அரசாங்கக் கோப்புகள் இருக்கின்றன. பயிர்களை ஆராயும் நிலையம் ஒன்று எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை அறிய வேண்டுமாயின் எங்கே செல்வது? ஆண்டறிக்கைகள் உண்டு, அவை விளைச்சலையும் செலவையும் கூறும். எனினும் அவ்வரலாற்றின் பெரும்பகுதி அங்கே உழைத்தவர்களின் நினைவிலும், சுற்றுப்புற ஊர்களின் முதியோர் வாயிலுமே தங்கியிருக்கிறது. நம் மாவட்டத்து நிலையம் ஒன்றைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

தேனிக்கு வடக்கே, கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பெரியகுளம். 1957-ஆம் ஆண்டில், அவ்வூர் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், அங்கே ஒரு பழ ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1971-இல் கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோன்றியது. பெரியகுளம் நிலையம் பின்னர் அதன் பொறுப்பில் வளர்ந்தது. 1990-இல் அங்கே தோட்டக்கலைக் கல்லூரியும் ஏற்பட்டது. இவை ஏட்டில் உள்ள செய்திகள்.

அந்நிலையம் உருவாக்கிய பயிர் இரகங்களுக்குப் 'பி.கே.எம்.' என்னும் மூன்றெழுத்து முன்னால் நிற்கும். பெரியகுளம் என்னும் ஊர்ப்பெயரின் சுருக்கமே அது. 'பி.கே.எம். 1' விதை வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்கும் குடியானவர் பலர், தாம் உச்சரிப்பது பக்கத்து ஊரின் பெயர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அவ்விரகங்களின் பூர்வீகத்தை ஆராய்ந்தால் மேலும் சில ஊர்ப்பெயர்கள் தென்படும். பி.கே.எம். 1 தக்காளி, தேனிக்கு அருகிலுள்ள அன்னஞ்சியின் பெயரால் வழங்கிய நாட்டுத் தக்காளியிலிருந்து பிறந்தது. அந்த நாட்டு வகையில் மரபு மாறுதலைத் தூண்டி, தொலைதூரம் வண்டியில் அனுப்பத்தக்க பழமாக அதனை ஆக்கினார்கள். பி.கே.எம். 1 புளிக்குத் தாய் மரம் எண்டப்புளி வகை. ஊரின் பெயரிலேயே புளி இருப்பதைக் கவனியுங்கள். எலுமிச்சைக்குத் தாய், இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள கடையத்து வகை. முருங்கைக்கு மூலம், தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றான் வகை.

முருங்கையின் கதையைச் சற்று விரிவாகக் காண்போம். நம் வீட்டுக் கொல்லையில் முன்னோர் வளர்த்தது மர முருங்கை. போத்தை வெட்டி நட்டால் வளரும். காய்ப்பதற்குக் காலம் பிடிக்கும். விதையிட்டு வளர்த்து, ஆறு மாதத்திற்குள் காய் பறிக்கக்கூடிய செடி முருங்கையைப் பெரியகுளத்தார் நாடினர். முருங்கைப் பூவை வண்டும் தேனீயும் நாடுவதால் ஒரு மரத்து மகரந்தம் மற்றொரு மரத்தைச் சேர்ந்துவிடும். விதையின் குணம் கலந்துபோகும். ஆதலால் பூக்களைத் தற்கருவுறச் செய்து, அவ்விதையை விதைத்து, சிறந்த செடியைத் தேர்ந்து, மீண்டும் அவ்வாறே செய்ய வேண்டியிருந்தது. இங்ஙனம் ஆறு தலைமுறை கடந்த பின்பே 1989-இல் பி.கே.எம். 1 முருங்கை வெளியிடப்பட்டது. மரமொன்றுக்கு ஆண்டில் 200 காய்க்கு மேல் தரும் அவ்விரகம் இன்று கடல் கடந்த நாடுகளிலும் விளைகிறது.

ஏடு இத்துடன் நின்றுவிடுகிறது. வெயிலில் ஏணி மீது நின்று பூக்களுக்கு உறையிட்டவர் யார்? எந்தச் செடியை வைப்பது, எதைக் களைவது என்று முடிவு செய்த நாளில் நிகழ்ந்த வாதம் யாது? மழை பொய்த்த ஆண்டில் கன்றுகளுக்கு எங்கிருந்து தண்ணீர் சுமந்தனர்? நிலையம் தோன்றுவதற்கு முன்பே அன்னஞ்சித் தக்காளியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த கைகள் எவை? நான் 30 ஆண்டுகளுக்கு மேல் இப்பகுதிப் பள்ளிகளில் பணியாற்றியவன். வீட்டில் விதை காத்த முறையைக் கேட்டு வருமாறு மாணவர்க்கு ஒருமுறை பணி கொடுத்தேன். காய்கறி விதையைச் சாம்பலில் புரட்டிச் சுவரில் அப்பி வைத்ததைப் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்தான் ஒரு மாணவன். அறிவியல் அறிக்கையில் 'நாட்டு வகை' என்ற இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடுவது அப்பாட்டியின் உழைப்பேயாகும்.

வாய்மொழியை அப்படியே வரலாறாகக் கொள்ளலாமா என்று நீங்கள் வினவலாம். கொள்ளலாகாது, சோதித்தே கொள்ள வேண்டும். முதியோர் ஆண்டைச் சொல்லமாட்டார்கள், நிகழ்ச்சியைச் சொல்வார்கள். "வைகை அணை திறந்த மறுவருஷம் வேலைக்குச் சேர்ந்தேன்" என்று ஒரு மூதாட்டி கூறுவாராயின், அணை திறந்தது 1959-இல் ஆதலால், அவர் சேர்ந்தது 1960 எனக் கணிக்கலாம். கூலிப் பதிவேடு கிடைத்தால் அதனோடு ஒப்பிடலாம். ஒருவர் சொன்னதை அவருடன் பணியாற்றிய மற்றொருவரிடம் தனியே கேட்டுப் பார்க்கலாம். இருவர் கூற்றும் மாறுபட்டால் இரண்டையும் எழுதி வைப்பதே முறை. 'அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க' என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தனர். அம்முறை இங்கும் பொருந்தும். முதலில் அவர் செய்த வேலையைக் கேளுங்கள். நிலையத்தைப் பற்றிய கேள்வியைப் பின்னர் வையுங்கள்.

இத்தகைய பணியை மேற்கொண்ட நிறுவனமும் நம் நாட்டில் உண்டு. ஒபைத் சித்திகி என்னும் விஞ்ஞானி 1962-இல் பம்பாயில் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தில் ஒரு சிறு மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தொடங்கினார். அதன் வழியில் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம் உருவாயிற்று. அம்மையம் தன் வரலாற்றை அறிந்தோரின் நேர்முக உரைகளைத் திரட்டியது. 2019-இல் ஓர் ஆவணக் காப்பகத்தையும் திறந்தது.

பெரியகுளத்திற்கும் அத்தகைய தொகுப்பு வேண்டும். 1957-இல் 20 வயது இளைஞராய் அங்கே மண்வெட்டி பிடித்தவர் இன்று உயிரோடிருந்தால் 90-ஐ நெருங்குவார். விஞ்ஞானியின் பெயரை அவர் எழுதிய கட்டுரை காப்பாற்றும். தோட்டத் தொழிலாளியின் பெயரைக் காப்பாற்றுவது நாம் கேட்கும் கேள்வி ஒன்றே. கம்பம் பள்ளத்தாக்கில் ஆனைமலையான்பட்டியில் உள்ள திராட்சை ஆராய்ச்சி நிலையம் இளையது. அங்கே இப்பணியை இன்றே தொடங்கினால் எதுவும் தவறிப் போகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரைச் சந்தித்து, அவர் காத்த விதை, நட்ட மரம், பார்த்த வேலை ஆகியவற்றைக் கேட்டுப் பெயரோடும் ஊரோடும் எழுதட்டும். இசைந்தால் குரலையும் கைப்பேசியில் பதியட்டும். அக்குறிப்பேடுகளைப் பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரியில் வைத்துப் பாதுகாப்போம்.