காதைக் குடைய வேண்டாம்

தாய்மார்களே, பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்ததும் முந்தானையைத் திரித்துக் காதுக்குள் விடுகிறீர்களா? பஞ்சுக் குச்சி, கொண்டை ஊசி, ஈர்க்கு என்று ஏதாவது ஒன்று நம் வீடுகளில் காதுக்குள் போய்வரத்தான் செய்கிறது.

என்னிடம் ஓத வந்த சிறுவன் ஒருவன் கூப்பிட்டால் திரும்பமாட்டான். அடங்காதவன் என்று நானும் ஏசியிருக்கிறேன். வைத்தியர் பார்த்தபோது இரு காதுகளிலும் குறும்பி இறுகி மூடிபோல் அடைத்திருந்தது. உம்மா நாள்தோறும் பஞ்சுக் குச்சியால் துப்புரவு செய்த காதுகள் அவை!

குறும்பி அழுக்கன்று. காதுக் குழாயின் வெளிப்பகுதியில் சுரந்து, தூசியைப் பிடித்து, தோலைக் காக்கிறது. பெரும்பாலும் தானாகவே மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். பெரியவர்களின் காதுக் குழாயே சுமார் 2.5 சென்ரிமீற்றர்தான், அதன் முடிவில் செவிப்பறை. குச்சியோ குறும்பியை அங்கே தள்ளிவிடுகிறது. பிள்ளை திடீரெனத் தலையைத் திருப்பினால் பறை கிழியவும் கூடும்.

வுழூவில் ஈர விரலால் காதை மஸ்ஹு செய்கிறோமே, விரல் எட்டும் அந்த இடம்வரை துடைத்தால் போதும்.

அடைப்பாகத் தோன்றினால் சைத்தூன் எண்ணெய் இரண்டு மூன்று துளி, சில நாட்களுக்கு விடலாம். அடுப்பில் சூடாக்காதீர்கள். வலி, சீழ், தலைசுற்றல் இருந்தாலோ, பறையில் முன்பே துவாரம் இருந்தாலோ எண்ணெயும் வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு வைத்தியர் குறும்பியை இளக்கி உறிஞ்சி எடுத்தார். மறுநாள் வந்தவன் கேட்டான்: "ஹஸ்ரத், ஏன் இவ்வளவு சத்தம்போட்டு ஓதித் தருகிறீர்கள்?"